விட்டுப்போன அறுபது கல்

என் அப்பாவை நான் ஒரே ஒருமுறைதான் அழ வைத்தேன். அதுவும் அல்ஜீப்ராவால்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடித் தொழிற்சாலையில் அப்பா ஓய்வுபெறும் நேரம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால், குமணன்சாவடி பக்கம் இருந்ததையெல்லாம் போட்டு வீடு கட்டினார். பத்துக்குப் பத்தாக இருந்த ஹாலை, அம்மாவின் பிடிவாதத்தால் நீளத்தில் மூன்றடி, அகலத்தில் மூன்றடி கூட்டினார்கள். ஓரடிச் சதுர மொசைக் கல் எத்தனை வாங்குவது என்று அப்பா என்னைக் கேட்டார். (நான் பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு!)

“ஏ ஸ்கொயர் நூறு, பி ஸ்கொயர் ஒன்பது. நூத்தி ஒன்பது போதும்பா.”

கொத்தனார் ஏழுமலை தலையைச் சொறிந்தார். “இன்னா தம்பி, பத்தாதுபோல கீதே. டேப்பு வச்சி ஒரு தபா அளந்துக்கலாமா?”

“அல்ஜீப்ராவுக்கு டேப் எதுக்குங்க?” என்றேன். (அப்போதே யாராவது என்னை அறைந்திருக்கலாம்.)

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், ஒரு மூலையிலிருந்து நூறு கல்லும் போட்டாயிற்று. மீதி ஒன்பதையும் எதிர் மூலையில் போடச் சொன்னேன். பி ஸ்கொயரின் இடம் அதுதானே. போட்டுவிட்டு ஏழுமலை நிமிர்ந்தார். இந்தப் பக்கம் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டை, வெறுந்தரை. பத்துக்கு மூன்று, இரண்டு தடவை. ஒன்பதாம் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதிய (a+b)² சூத்திரத்தின் நடுவில் வரும் 2ab என் காலடியில் கிடந்தது.

“அல்ஜீப்ரா முடிஞ்சிச்சா தம்பி?” என்றார் ஏழுமலை.

கடைக்குச் சைக்கிளில் பறந்தேன். அந்த டிசைன் தீர்ந்துவிட்டதாம். மாலையில் வந்து பார்த்த அப்பா திருநெல்வேலிக்காரர். கோபித்தால் தெருவுக்கே கேட்கும். அன்று மெதுவாக, “ஏலே, முப்பது வருச உழைப்புலே இது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அவசரமாகச் சிவப்பு சிமெண்ட் பூசினார்கள். காயவில்லை. மறுநாள் விருந்தினர்கள் பலகைமேல் நடந்தார்கள். தடுமாறிய அப்பாவின் மேலதிகாரி பதித்த பாதம் இன்றும் ஹாலில் இருக்கிறது.

இப்போதும் வீட்டில் சாவி தொலைந்தால், “டூ ஏபியில தேடு” என்கிறார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். அப்பா யோசித்துச் சொன்னார்:

“பையன் தங்கமானவன். மூலையெல்லாம் சரியாப் பாத்துக்கிடுவான். நடுவுலதான் விட்டுருவான்.”

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை.