பெயரில்லாத டிரம்மருக்கு ஒரு நிமிட மௌனம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ‘ஈரக் கோட்டுகள்’ என்றொரு போஸ்ட்-பங்க் பாணி ராக் இசைக்குழு இருந்தது. இருந்த காலத்தில் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. 1980-இல் அவர்கள் போட்ட ஒரே இசைத்தட்டு ‘பேருந்து வரவில்லை’. முந்நூறு அடித்தார்கள், முப்பத்தொன்று விற்றுப்போயிற்று. மிச்சமெல்லாம் பாடகனுடைய அம்மாவின் கட்டிலுக்கு முட்டுக்கொடுத்தன.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து, யாரும் கேட்காமல் போனதுதான் அந்தத் தட்டின் தனிப்பெருமை என்று நகர மன்றம் கண்டுபிடித்தது. உடனே ‘கவனிக்கப்படாத இசை மீட்புப் பிரிவு’ என்றோர் அலுவலகம் திறந்து, முதல் காரியமாக அதை மறுபடி வெளியிடத் தீர்மானம் போட்டது.

செய்தி கேட்ட டிரம்மர் மாக்ஸீன் ஆக்ராய்டுக்கு ஒரே ஓர் ஆசை. தட்டின் பழைய அட்டையில் குழுவின் மற்ற மூவர் பெயரும் உண்டு. அவள் பெயர் இல்லை. பெயர் எழுதின அன்று அவள் கரண்டித் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தாள். இப்போதாவது ஏறட்டுமே என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பிரிவு அதிகாரி ஃபென்டன் எழுந்து நின்று வரவேற்றார். டீ வந்தது.

“மேடம், நீங்கதான் வாசிச்சீங்கங்கிறதுக்கு ஆதாரம்?”

“மத்த மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க, பாரு கண்ணு. மூணாவது பாட்டுல டிரம் நாலு அடி விட்டுப்போயிருக்கும். அன்னைக்குச் சளி. மூக்கைச் சிந்தினேன்.”

ஃபென்டன் முகம் வாடிவிட்டது. “அந்த நாலு அடி மௌனத்தைப் பத்திப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியே நடந்திருக்கு. நம்ம ஊர்ல மூடிப்போன எஃகு ஆலைகளோட மௌனம்னு நிரூபிச்சிருக்காங்க, மேடம்.”

“சரி, மூக்கை விடு. பேரைப் போடுவியா, மாட்டியா?”

“அங்கேதான் சிக்கல். இந்தத் திட்டம் கவனிக்கப்படாதவங்களுக்கு மட்டும். பாடகரைப் பத்தி அப்பவே உள்ளூர்ப் பத்திரிகைல ரெண்டு வரி வந்து தொலைச்சிடுச்சு. சுத்தமாக் கவனிக்கப்படாதவங்க நீங்க ஒருத்தர்தான். உங்களையும் கவனிச்சுட்டோம்னா தட்டுக்குத் தகுதியே போயிடும்.”

“அப்போ, கண்டுக்காம இருக்கறதுதான் எனக்குச் செய்யற மரியாதைங்கிற?”

“ரொம்ப அழகாச் சொன்னீங்க,” என்று ஃபென்டன் அதைக் குறித்துக்கொண்டார்.

மாக்ஸீன் மேல்முறையீடு செய்தாள். மன்றத்தின் மூவர் குழு கூடி, ஆழ்ந்த வருத்தத்துடன் பரிசீலித்து, ‘விண்ணப்பதாரர் தொடர்ந்து அறியப்படாதவராக நீடிக்க இதனால் அனுமதிக்கப்படுகிறார்’ என்று பதில் அனுப்பியது. கடித உறைமேலும் அவள் பெயர் இல்லை. ‘இவ்வீட்டில் குடியிருப்பவருக்கு’ என்றுதான் இருந்தது.

வெளியீட்டு நாளன்று கடை வாசலில், கொட்டும் மழையில் நானூறு பேர் வரிசை. அத்தனை பேரும் 1980-இல் மதுக்கடை மாடியில் இந்தக் குழுவை நேரில் கேட்டவர்களாம். அதில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. மாக்ஸீனும் கடைசியில் போய் நின்றாள். ஜன்னலில் புது அட்டை மின்னியது: ‘டிரம்ஸ்: யாரோ’. தங்க எழுத்து.

ஃபென்டன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “நம் கவனத்துக்கு வராமலே மறைந்துபோன அந்த மாபெரும் கலைஞருக்காக, ஒரு நிமிட மௌனம்.”

தொப்பிகள் இறங்கின. மாக்ஸீன் முன்னால் நின்ற தாடிக்காரரின் தோளைத் தட்டினாள். “தம்பி, அது நான்தான்ப்பா. இன்னும் சாகலை.”

அவர் கலங்கிய கண்ணோடு திரும்பினார். “உஷ்! அந்த டிரம்மருக்குக் கொஞ்சமாவது மரியாதை குடுங்கம்மா.”

மாக்ஸீன் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காக இத்தனை பேர் மழையில் நின்றதே இல்லை.