மூக்கின் மேல் முதலீடு

கடைக்குள் ஒரு ஈ, காக்கை இல்லை என்பதைக் கணக்கு வாத்தியார் எதிர்ச்சாரியிலிருந்தே பார்த்துவிட்டார்.

"கூட்டம் இருக்கா?" கைபேசியில் மனைவி கேட்டாள்.

"இருக்கு... விக்கற பொண்ணு இருக்கு."

"மூணரை மணிக்கு மார்க்கெட் மூடிடும். நாளைக்கு உங்க பொண்ணுக்குக் காலேஜ் பணம் கட்டணும். ஷேரை வித்துடட்டுமா? விரல் பட்டன் மேலேயே இருக்கு."

"விரலை எடு! உள்ளே போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மூக்குக்கண்ணாடி போல முகத்தில் மாட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனியின் கடை அது. மகளின் படிப்புப் பணம் மொத்தமும் அந்தக் கம்பெனியின் பங்குகளில் இருந்தது. உலகமே இனி இதைத்தான் மாட்டிக்கொண்டு திரியப்போகிறது என்று சத்தியம் செய்த தரகர், இன்றுவரை வெறுங்கண்ணோடுதான் திரிந்தார். அது வாத்தியாருக்கு இப்போதுதான் உறைத்தது.

வேவு பார்க்க வந்தேன் என்றா சொல்ல முடியும்? "ஒண்ணு காட்டும்மா" என்றார்.

விற்பனைப் பெண் அதை அவர் மூக்கில் ஏற்றினாள். அம்மிக் குழவியை ஏற்றியது போலிருந்தது.

"எதைப் பார்த்தாலும் என்னன்னு சொல்லும் சார்."

அவளையே பார்த்தார்.

"குளிர்சாதனப் பெட்டி" என்றது அது, உரக்க.

"போன வாரம் பீரோன்னு சொல்லிச்சு சார். இப்போ பரவாயில்ல."

வாசலில் இரண்டு பேர் தயங்கி நின்றார்கள். கம்பெனியின் மானம் தன் மூக்கில் இருப்பதை வாத்தியார் உணர்ந்தார். "அடடா, என்ன துல்லியம்!" என்று வகுப்பறைக் குரலில் முழங்கினார். இருவரும் உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். ஐந்தே நிமிடத்தில் பன்னிரண்டு பேர்.

"கனக்குதா சார்?" தொப்பி போட்ட ஒருவர் கேட்டார்.

"பூ மாதிரி இருக்கு." வாத்தியாரின் கண்ணில் நீர் கோத்தது.

"அப்போ வாங்கிடுவீங்க?"

பன்னிரண்டு முகங்களும் அவரையே பார்த்தன. இப்போது பின்வாங்கினால் பன்னிரண்டு பேரும் கலைந்துவிடுவார்கள். அந்த மாத மளிகைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து எடுத்து நீட்டினார். கூட்டம் கைதட்டியது. ஒருவர் கட்டியே பிடித்துக்கொண்டார்.

ஓரமாக ஒதுங்கி மனைவியை அழைத்தார். "விக்காதே! கடையில நிக்க இடமில்ல!"

"காலேஜ் பணம்?"

"உங்க அண்ணன்கிட்ட கேளு."

"எங்க அண்ணனை 'அந்தக் கஞ்சன்'னு தானே சொல்வீங்க?"

"இன்னையிலேர்ந்து மச்சான்னு சொல்றேன். வெச்சிடு, வெச்சிடு."

மணி மூன்றரையாக இரண்டு நிமிடம். பெருமிதத்தோடு திரும்பினார். விற்பனைப் பெண்ணின் முன்னால் யாருமே இல்லை. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில், வாயைக் கையால் பொத்தியபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தொப்பிக்காரரின் குரல்தான் தெளிவாகக் கேட்டது. "ஏம்மா, நம்ம ஷேரை விக்காதே! என் கண்ணு முன்னாடியே ஒருத்தர் முழுப் பணம் குடுத்து வாங்கிட்டார்!"