சாம்பிள் சேட்டனும் பதினாலு பக்கமும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். “சமீபத்தில் படித்த நாவல், சரித்திரப் புத்தகங்களில் நல்லதாக நாலைச் சிபாரிசு பண்ணி எழுதுங்கள்” என்று பத்திரிகையிலிருந்து கார்டு வந்தபோது, அதை எடுத்துச் சாயா கிளாஸுக்கு மூடியாக வைத்துவிட்டேன். நான் எட்டாம் கிளாஸ் பாஸ், ஒன்பதில் இரண்டு தடவை ஃபெயில். நான் சிபாரிசு பண்ணினால் புத்தகத்துக்குத்தான் கெட்ட பெயர். தவிர, சிபாரிசு என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் எழுந்து ஓடிவிடுவேன். காரணம், சாம்பிள் சேட்டன்.

இந்த உலகத்தில் சாம்பிள் சேட்டனைப் போல் புத்தகம் சிபாரிசு பண்ணிய மனிதன் பிறந்ததில்லை. அவரிடம் சிக்கித் தப்பித்த மனிதன் கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்ததில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் குடோனில் அவருக்கு வேலை. கையில் எப்போதும் மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுக்கும் ஒரு குத்தூசி. மூட்டையில் மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. வந்த மிளகை உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, இரண்டைக் கடித்து, “இது கப்பல் ஏறும், இது ஏறாது” என்பார். சொன்னால் சொன்னதுதான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஆனாலும் மலையாளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே நாங்களும் சேட்டன் என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

புத்தகத்தையும் அவர் மிளகு பாஷையில்தான் பேசுவார்.

“எடா, அந்த நாவலை எடுக்காதே கேட்டோ. ஈரம் ஜாஸ்தி. மூணு பக்கத்துக்கு ஒருத்தி அழுதுட்டிருக்கா. அலமாரியில வெச்சா பக்கத்துப் புஸ்தகத்துக்கும் பூசணம் பிடிக்கும்.”

“பச்சை அட்டையில ஒரு சரித்திரம் இருக்கே, அதுதான் நல்லாக் காஞ்ச சரக்கு. மேல நூறு பக்கம் கொஞ்சம் தூசி. ஊதிட்டுப் படி.”

இடம், நேரம் ஒன்றும் கிடையாது. ஒருநாள் படகு ஜெட்டியில் எர்ணாகுளம் போட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தைக் கரையில் நின்றபடியே சொன்னார். ஏழு முடிந்துதான் போட் கிளம்பியது. போட்காரர் எட்டையும் கேட்டாராம், ஆபீஸ் போகிறவர்கள்தான் விடவில்லை.

இன்னொரு நாள் சலூன் அப்பு ஒருவருக்குப் பாதிக் கன்னம் மழித்திருந்தபோது இவர் உள்ளே போய்க் கதையை ஆரம்பித்தார். கதாநாயகி விஷக் கிண்ணத்தை உதடு வரை தூக்கிய இடத்தில், “பாக்கியைப் படிச்சுக்கோ” என்று வெளியே வந்துவிட்டார். அப்பு கத்தியோடும் அந்த ஆள் சோப்பு நுரையோடும் வாசகசாலைக்கு ஓடினார்கள். யார் முதலில் எடுப்பது என்று படிக்கட்டிலேயே அடிதடி.

எங்கள் தமிழ் வாசகசாலை ஒரு சுக்குக் கடையின் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் படித்ததைச் சிபாரிசு பண்ண வேண்டும். எல்லாருக்கும் பிடித்துப்போனதை, சொன்னவர் பெயரோடு கரும்பலகையில் எழுதுவார்கள். அடுத்த ஞாயிறு வரை யாரும் அழிக்கக்கூடாது. சேட்டனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. சினிமா கிடையாது. பீடிகூடக் கிடையாது. வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் அவருக்குத் தீபாவளி.

எனக்கும் அவருக்கும் இருபது வயசு வித்தியாசம். ஆனாலும் சிநேகிதம்தான். அவரைக் கிண்டல் பண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது. ஒரு சந்தேகம் வேறு அரித்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் மூட்டை குத்துகிற ஆள், வாரத்துக்கு மூன்று தடிப் புத்தகத்தை எப்படி முடிக்கிறார்? மனுஷன் புத்தகத்தையும் மேலே, நடுவே, அடியே என்று மூன்று குத்துக் குத்திவிட்டுத்தான் அளக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

நான் பக்கத்துக் குடோனில் தேயிலைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மரவள்ளிக் கப்பை மாவில் காய்ச்சிய பசை ஒரு வாளி எப்போதும் காலடியில் இருக்கும். அந்த வாரம் வாசகசாலைக்குப் பழைய மிளகுக் கப்பல்களைப் பற்றி நானூறு பக்கத்தில் ஒரு சரித்திரம் வந்தது. திங்கட்கிழமை நான் அதை எடுத்து, இருநூற்று நாலாம் பக்கத்திலிருந்து இருநூற்றுப் பதினேழு வரை ஓரத்தில் மெல்லிசாகப் பசை தடவி, தேயிலைப் பெட்டிக்கு அடியில் அழுத்திக் காயவைத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். செவ்வாய்க்கிழமை சேட்டன் எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் அளந்து முடித்ததும் எழுந்து நின்று மானத்தை வாங்குவது என் திட்டம்.

அதோடு நின்றிருக்கலாம். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் அப்புவிடம் பெருமையடித்துவிட்டேன். அப்பு வாசகசாலைச் செகரட்டரி சாருக்குச் சவரம் பண்ணும்போது அதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான், பசை போட்டவன் பெயரைத் தவிர.

செகரட்டரி சார் கஸ்டம்ஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். மூன்று வருஷமாக அவருடைய சிபாரிசு ஒன்றுகூடக் கரும்பலகை ஏறியதில்லை. வெள்ளிக்கிழமை மாடிக் கதவில் ஒரு காகிதம் தொங்கியது. படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்யும் அங்கத்தினர் ஆயுள் முழுக்க நீக்கப்படுவார், விதி பதினொன்று.

நான் கேட்டது ஒரு சிரிப்பு. சார் எடுத்திருந்தது கோடாலி.

சனிக்கிழமை காலை மிளகுக் குடோனுக்கு ஓடினேன்.

“சேட்டா, அந்தக் கப்பல் புஸ்தகத்தைப் பத்தி ஒரு விஷயம்...”

“தொடாதே! நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நீ கேட்டுட்டு வாயைப் பிளக்கறதை நான் பாக்கணும்.”

“அது இல்லே சேட்டா, நடுவுல...”

“மனசிலாச்சு. புஸ்தகத்துக்கு க்யூவுல நிக்க முடியல்லே, இல்லையா? போடா, போய் லேபிள் ஒட்டு.”

மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து அவருடைய சாக்குப் பையைத் துழாவினேன். குத்தூசியின் பின்பக்கத்தால் மண்டையில் ஒன்று வாங்கினேன். புத்தகம் அவர் இடுப்பு வேட்டியில் செருகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. அப்பு கடையை மூடிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சேட்டன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்தார். முதலில் ஒரு குட்டி நாவலை, “பச்சை மிளகு, இன்னும் காயணும், ஆனா வாசனை உண்டு” என்று இரண்டே நிமிஷத்தில் முடித்தார். பிறகு இடுப்பிலிருந்து அந்தச் சரித்திரத்தை உருவினார். கப்பலில் பாய் விரித்தார், காற்றை வரவழைத்தார், எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்கு மட்டும் ஒன்றும் காதில் விழவில்லை. செகரட்டரி சார் பேனா மூடியைத் திருகிக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு சந்தேகம்” என்றார் சார். “புஸ்தகம் பூரா படிச்சாச்சா?”

“பதினாலு பக்கம் குறைச்சல்” என்றார் சேட்டன்.

கீழே யாரோ உந்துவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“ஒட்டிப் போயிருக்கு. பிரிச்சா கிழியும். வாசகசாலைப் புஸ்தகமாச்சே. பாக்கி முன்னூத்தி எண்பத்தாறு பக்கத்துல எங்க வேணும்னாலும் கேளுங்க.”

சார் கேட்டார். முன்னூற்றுப் பத்து, நாற்பத்தொன்று, கடைசிக்கு முந்தின பக்கம். சேட்டன் பட்டுப்பட்டென்று சொன்னார். இந்த மனுஷன் நிஜமாகவே படித்திருக்கிறார்!

“அந்தப் பதினாலுல என்ன இருக்குன்னும் சொல்லுவேன்” என்றார் சேட்டன். “அதுக்கு முந்தின பக்கத்துல, மழை மாசத்துல அவசர அவசரமா மிளகு ஏத்தறான். பசை முடியற இடத்துல கேப்டன் சீமையில முட்டி போட்டு அழறான். நடுவுல என்ன நடந்திருக்கும்? ஈர மிளகு ஸார்! கப்பலோட வயித்துல கிடந்து சூடேறும். அஞ்சாம் நாள் ஆவி வரும். பத்தாம் நாள் பலகை மேல கால் வைக்க முடியாது...” கால் மணி நேரம் அந்தக் கப்பல் வெந்தது. அப்பு தன்னையறியாமல் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டான்.

“கதை நல்லாயிருக்கு” என்றார் சார். “ஆனா படிக்கலை. விதி விதிதான்.” அங்கத்தினர் பட்டியலை விரித்து, சேட்டனின் பெயருக்கு நேராகப் பேனாவை வைத்தார்.

சேட்டனின் முகம் கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. அவர் பார்வை கரும்பலகையில் இருந்தது.

“பசை போட்டது நான்தான்!”

என் குரல்தான். நானே திரும்பிப் பார்த்தேன்.

“உக்காருடா, மண்டா” என்று சேட்டன் பல்லைக் கடித்தார். நான் உட்காரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் உளறினேன். “தானாக ஒட்டிக்கொண்ட பக்கமா, ஒட்டவைத்த பக்கமா?” என்று ஒருவர் எழுந்தார். “ஒட்டவைத்ததற்கு விதி பதினொன்று பொருந்தாது” என்று அப்பு கத்தினான். அவன் அன்றுவரை ஒரு விதியும் படித்ததில்லை.

யாரோ கொதிக்கும் சாயாவோடு கெட்டிலைக் கொண்டுவந்தார்கள். ஆவியில் காட்டிக் காட்டிச் சார் பக்கங்களைப் பிரித்தார். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். பதினாலு பக்கமும் அந்தக் காலத்து ராஜாக்களின் வம்சாவளி. அப்பன் பெயர், மகன் பெயர், மருமகன் பெயர். ஈர மிளகு, பசை படாத இருநூற்றுப் பதினெட்டில்தான் ஒரே ஒரு வரியாக வந்தது; அந்த ஒரு வரியைத்தான் சேட்டன் கால் மணி நேரம் வேகவைத்திருந்தார். சார் வம்சாவளியை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது ராஜாவிலேயே, “சேட்டன் சொன்னதே போதும்” என்று கூட்டம் கூச்சல் போட்டது.

கரும்பலகையில் சேட்டன் பெயர் ஏறியது. பட்டியலில் என் பெயர் மூன்று மாசத்துக்கு வெட்டுப்பட்டது. அந்தச் சரித்திரத்துக்கு முப்பது பேர் பெயர் கொடுத்தார்கள். எல்லாரும் ராஜாக்களுக்கு நடுவில் எங்காவது இருக்கும் என்று நம்பி நேராக இருநூற்று நாலாம் பக்கத்தைத் திறந்து, கப்பல் வேகவில்லையே என்று சேட்டனிடம் வந்து சண்டை பிடித்தது வேறு கதை.

கூட்டம் கலைந்து இரண்டு பேரும் ஜெட்டிப் பக்கம் நடந்தோம்.

“பசை போட்டது யாருன்னு நான் சொல்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, இல்லையா சேட்டா?”

“செவ்வாக்கிழமையே தெரியும். கப்பை மாவு வாசனை உன் குடோனை விட்டா இந்த ரோட்டுல வேற எங்க உண்டு?”

“பின்னே என் பேரைச் சொல்லியிருக்கலாமே! உங்க பேரு வெட்டுப்படற வரைக்கும் எதுக்கு வாயை மூடிட்டு நின்னீங்க?”

சேட்டன் நின்றார். அடுத்த வாரத்துக்கு எடுத்த புத்தகத்தை இடுப்பில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகிக்கொண்டார்.

“உன் பேரு ஒரேயடியாப் போயிட்டா, படிச்சதை நான் பின்னே யார்கிட்டடா சொல்றது?”