ஆறு நட்டும் ஒரு மச்சும்

'இனிமேல் இந்த வீட்டில் என்னை ஒருத்தரும் எட்ட முடியாது' என்று திருவேங்கடம் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது அவன் பாப்பாவின் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

தோணிரேவு ஊரில் ஏரி எல்லோருக்கும் எல்லா நாளும் கிடையாது. வலைக்காரர்கள் இரண்டு பிரிவு; வலை போடும் முறைக்குப் பாடு என்று பெயர். இன்று ஒரு பிரிவுக்குப் பாடு என்றால் நாளைக்கு மற்ற பிரிவுக்கு. பாடு விடியலில் தொடங்கும், விளக்கு வைத்ததும் முடியும். அடுத்தவன் பாட்டில் வலை போட்டவனுக்கு ஊரில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது. திருவேங்கடத்துக்கு இந்த முறையில் ஒரே ஒரு குறைதான். பாடு இல்லாத நாளில் வீட்டில் இருக்கவேண்டும். வீட்டில் மனைவி குணசுந்தரி இருந்தாள்.

"இன்னாய்யா, இன்னும் படுத்துக்குனே கீற? தண்ணி மொண்டா. வெறகு பொள. பாப்பாவைத் தூக்கு. தூக்கிக்கினே வெறகு பொளக்காத!"

எட்டு மாதக் குழந்தை. அது பிறந்த நாளிலிருந்து குணசுந்தரி ஒரு பகலும் கண் அசந்ததில்லை. திருவேங்கடமும் அசந்ததில்லை என்று அவன்தான் சொல்லிக்கொள்வான். அவன் குறட்டை அடுத்த வீட்டு இருசம்மாளுக்குக் கேட்கும்.

ஆகவே மச்சு. போன வருஷப் புயலில் விழுந்த மேற்குச் சுவரை எப்படியும் கட்டியாக வேண்டும். கட்டுகிற கையோடு அதில் நீளமாக ஒரு சட்டம் பொருத்தி, எதிர்ச் சுவர்வரை குறுக்குக் கட்டைகளைப் போட்டு, மேலே பலகை பரப்பினால் மச்சு. ஏணி வழியாக ஏற வேண்டியது. ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டியது. பாயும் டிரான்சிஸ்டரும் போதும்.

சுவர் எப்படி என்பதிலும் அவனுக்கு யோசனை இருந்தது. பொன்னேரி ரோட்டில் யாரோ இறாலுக்கு ஐஸ் கிடங்கு கட்டியபோது அவன் ஒரு மாதம் ஜல்லி சுமந்தவன். "ரெண்டு பக்கமும் தெர்மாகோல் பலகை நிறுத்தி, நடுவுல கம்பி கட்டி, காங்கிரீட்டு ஊத்துவான். பலகையை அப்புறம் எடுக்கவே மாட்டான். உள்ள ஐஸ் உருகாது மே! நம்ம வூடு சித்திரை மாசத்துலயும் ஜில்லுனு கீதும்." கிடங்கில் மிச்சமாகிப்போன பலகைகளைக் கேட்டு வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏரியில் ஒரு மேகம் மிதந்து வருகிறது என்றார்கள்.

காங்கிரீட்டு ஊற்றிய நாள் அவனுக்குப் பாடு. அவன் ஏரியில். கொத்தனார் முனியனும் குணசுந்தரியும்தான் வேலை.

"முனியண்ணே, நாளைக்கு இதுல சட்டம் அடிச்சா ஆணி எதைப் புடிச்சிக்கும்? தெர்மாகோலையா, காங்கிரீட்டையா?"

"தெர்மாகோலு இட்லி மாதிரி தங்கச்சி. இட்லில ஆணி அடிச்சுப் பானையை மாட்ட முடியுமா?"

"அப்ப இன்னா பண்றது?"

"சட்டம் வர்ற எடத்துல பலகையை வட்டமா வெட்டி எடுத்துரணும். அந்த ஓட்டைல போல்ட்டை நிறுத்திட்டா, காங்கிரீட்டு வழிஞ்சு வந்து கெட்டியாப் புடிச்சிக்கும். ஊத்துறதுக்கு முன்னாடியே செஞ்சாத்தான் உண்டு. உன் வூட்டுக்காரர்கிட்ட நேத்தே சொன்னேன். 'கிடங்கு கட்டுனவனுக்கே பாடம் சொல்றியா'ன்னு கேட்டார்."

குணசுந்தரி மீன் அரிகிற கத்தியை எடுத்து வந்தாள். செம்பு வாயளவுக்கு வரிசையாக ஆறு வட்டம் வெட்டினாள். முனியன் உடைந்த படகிலிருந்து கழற்றி வைத்திருந்த ஆறு போல்ட்டுகளை நிறுத்திக் காங்கிரீட்டை ஊற்றினான்.

பதினோரு நாள் கழித்து, பூச்சு வேலையும் முடிந்த சுவரைத் திருவேங்கடம் தடவிப் பார்த்தான். கையை உயர்த்தினால் எட்டுகிற உயரத்தில் ஆறு இரும்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இன்னாமே இது?"

"சட்டை மாட்ட."

"ஆறு சட்டைக்கு நான் எங்க போவேன்?"

"கீற ஒண்ணையே தெனம் ஒரு கொம்புல மாட்டு."

அவன் மாட்டினான். மாட்டிவிட்டு, அதற்கு ஒரு முழம் மேலே சட்டத்தை வைத்து ஆணி அடித்தான். ஒரே அடி. முழு ஆணியும் உள்ளே போய்விட்டது.

"பாத்தியா கையை! ரெண்டாவது அடிக்கு வேலையே இல்ல!"

"அவ்ளோ சுளுவா உள்ள போனது சுளுவா வெளிய வராதாய்யா?"

"பொம்பளைப் பேச்சைக் கேட்டுக் கட்டுன சுவரா இது?"

குணசுந்தரி சுவரைப் பார்த்தாள். இருபது ஆணியையும் இருபது அடியில் அடித்து முடித்து, கட்டை போட்டு, பலகை பரப்பி, பாப்பா வீரிட்ட சரியான நேரத்தில் திருவேங்கடம் ஏறினான். ஏணியை இழுத்துக்கொண்டான்.

"யோவ், பாப்பாவைப் புடி!"

"எட்டலையே மே!" என்று மேலேயிருந்து ஆனந்தமாகக் குரல் வந்தது. டிரான்சிஸ்டர் கரகரத்தது. அவன் காலை நீட்டினான்.

நீட்டியதுதான் தெரியும். 'சர்ர்' என்று ஒரு சத்தம். சட்டம், கட்டை, பலகை, பாய், டிரான்சிஸ்டர், ஏணி, குடும்பத் தலைவர் எல்லாம் ஒன்றாகக் கீழே வந்து சேர்ந்தன. பின்னாலேயே தெர்மாகோல் குண்டுமணிகள் பனியாகப் பொழிந்தன. பாப்பாவின் தலையில், அடுப்பில் கொதித்த மடவை மீன் குழம்பில், சத்தம் கேட்டு ஓடிவந்த இருசம்மாளின் வெற்றிலை வாயில். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுக் கைகொட்டிச் சிரித்தது.

திருவேங்கடத்துக்கு ஓர் அடியும் படவில்லை. அவன் வலைக்குவியல் மேல் விழுந்திருந்தான்.

"காலைல இங்க வலை இல்லையே?" என்றான் மல்லாந்தபடியே.

"வுழற எடத்துலதானே போட்டு வைக்கணும்" என்றாள் குணசுந்தரி. "சட்டையை எடு."

"எந்தச் சட்டை?"

"கொம்புல மாட்டின சட்டை. அது கொம்பு இல்ல, போல்ட். காங்கிரீட்டுலேருந்து வருது. சட்டத்துல ஆறு ஓட்டை போட்டு அதுல மாட்டி நட்டு முடுக்குனா, யானை படுத்தாலும் அசையாது."

திருவேங்கடம் எழுந்து ஒரு போல்ட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. விடையின் மேலேயே சட்டையை மாட்டியிருக்கிறோம் என்று புரிந்தது.

"நட்டு எங்க?"

அவள் முந்தானை முடிச்சை ஆட்டிக் காட்டினாள். உள்ளே ஆறும் கலகலத்தன.

"குடு மே."

"மச்சு யாருக்குன்னு முதல்ல பேசு."

"எனக்குத்தான்!"

"அப்ப நட்டு எனக்கு."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் குணசுந்தரியே இறங்கிவந்தாள். "சரிய்யா, ஊர் முறைப்படியே போவலாம். மச்சுக்கும் பாடு வெச்சுக்கலாம். ஏரில உனக்குப் பாடு கீற நாள் மச்சும் உன் பாடு. அன்னிக்கு நான் ஏணியைத் தொட மாட்டேன், பாப்பாவும் என் பொறுப்பு. உனக்குப் பாடு இல்லாத நாள் மச்சு என் பாடு. பாப்பா உனக்கு."

ஒன்று விட்டு ஒரு நாள். சரிபாதி! இவ்வளவு சீக்கிரம் மடங்குவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மனசு மாறுவதற்குள் சத்தியம் வாங்கிவிட வேண்டும்.

"இருசம்மாக்கா, நீதான் சாட்சி! பாடு வெச்சா வெச்சதுதான். பேச்சு மாறக் கூடாது!"

"மாறவே கூடாது" என்றாள் இருசம்மாள், தெர்மாகோலைத் துப்பிக்கொண்டே.

அன்று சட்டத்தில் ஓட்டை போடவே பொழுது சரியாகிவிட்டது; மறுநாள் அவன் ஏரியிலிருந்து திரும்பிய பிறகுதான் சட்டம் ஏறியது. ஆறு நட்டும் முடுக்கியாயிற்று. திருவேங்கடமும் முனியனும் சேர்ந்து மேலே குதித்தார்கள். தூசுகூட உதிரவில்லை.

அதற்கடுத்த நாள் அவனுக்குப் பாடு இல்லை. காலைக் கஞ்சி ஆனதும் குணசுந்தரி மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் பகலில் தூங்கினாள். திருவேங்கடம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் மொண்டான், விறகு பொறுக்கினான், மூன்று முறை துணி அலசினான். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. நாளைக்கு என் பாடு, நாளைக்கு என் பாடு என்று பாப்பாவுக்குத் தாலாட்டே பாடினான்.

அந்த நாளும் வந்தது. விடியுமுன் படகு ஏறினான். நடு ஏரியில், உச்சி வெயிலில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு ஏதோ இடித்தது. கையை நிறுத்தினான். விரல் விட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். வலையைக் கூட்டாளிகளிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போகலாமா? பாட்டை விட்டுப் போனவன் என்று ஊர் சிரிக்கும்.

பொழுது சாய்ந்து, கூடையை இறக்கி, ஓட்டமாக வீட்டுக்கு வந்தான். ஏணி தயாராகச் சாய்த்து வைத்திருந்தது. முதல் படியில் காலை வைத்தான்.

குணசுந்தரி அப்போதுதான் விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பாப்பாவை அவன் கையில் கொடுத்தாள்.

"விளக்கு வெச்சாச்சு, உன் பாடு முடிஞ்சிது. நாள் பூரா உனக்காகவே காலியா வெச்சிருந்தேன்யா" என்றாள். "நீதான் வரல."