ஒரே பேப்பரில் இரண்டு செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மோகனூர் கரும்பு விவசாயி சண்முகவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவியும் மருமகளும் மாடுகளும் சுகம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓட வேண்டும்.

முப்பத்திரண்டு வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். காலையில் மனைவி வள்ளியாத்தாள் பால் கறக்கும்போது பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்துச் சொல்வேன். அனுபவம் இருப்பதால் படத்தை ஒரு பார்வை பார்த்தாலே மொத்தச் செய்தியும் எனக்கு வந்துவிடும். ஒரு நாளும் அவள் மறுத்துப் பேசியதில்லை. இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் முதியோருக்கு எழுத்தறிவு வகுப்பு ஆரம்பித்தார்கள், இவளும் போனாள், அன்றிலிருந்து தங்கள் பத்திரிகை கெட்டுவிட்டது. ஜேடர்பாளையம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று நான் படித்தால், அதே படத்துக்குக் கீழே சொட்டுநீர்க் குழாய் விளம்பரம் இருக்கிறது என்கிறாள். விலை ஏறியதாக நான் படித்த முட்டை, அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இறங்கிவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை, எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி முருகானந்தத்தின் படம் வந்திருந்தது. கட்டம் கட்டிய படம், கழுத்தில் மாலை, கும்பிட்ட கை. காலமானார் என்று நானே படித்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. இவள் பேப்பரை வாங்கி, விரல் வைத்து, "ஏனுங்க, சிறந்த பண்ணையாளர்னு போட்டிருக்குதுங்க. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்றாள். "செத்தவனுக்கு எவனாச்சும் போன் போடுவானா? நாலு மாசப் படிப்ப வச்சுக்கிட்டு எனக்குச் சொல்றயா?" என்று சத்தம் போட்டுவிட்டு, ரோஜா மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, எருமப்பட்டியில் இறங்கியதிலிருந்து அழுதுகொண்டே நடந்து போய்க் கதவைத் தட்டினால், திறந்தது முருகானந்தம்! அவன் மாலையைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி, "வாங்க மச்சான், மாலையெல்லாம் எதுக்குங்க? அட, கண்ணெல்லாம் கலங்கியிருக்குதே! எம் மேல இத்தன பாசமா?" என்றான். போட்டுவிட்டேன். வேறென்னங்க பண்றது? இலை போட்டு உட்கார வைத்தான். காலையில செத்தவன் மத்தியானம் எப்படிங்க கோழிக் கொழம்பு ஊத்துவான்? வருகிற வழியெல்லாம் யோசித்தும் விளங்கவில்லை. நான் படித்துக் கீழே வைத்த பிறகு எழுத்து மாறிவிடுகிறதா, இல்லை ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு அச்சடிக்கறீங்களா? வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு கரைகிறது ஐயா. ஒரே செய்தியாகப் போடுங்கள். முடியாவிட்டால் ஒண்ணாந் தேதியிலிருந்து பேப்பரை நிறுத்திவிடுங்கள்.

தங்கள் குடும்பத்தாரையும் அச்சடிப்பவர்களையும் காவிரித்தாய் ஒரு குறையும் வைக்காமல் காப்பாளாக.

இப்படிக்கு,
சண்முகவேல்

பின்குறிப்பு: ஐயா, மாமா சொல்லச் சொல்ல இதை எழுதியது அவர் மருமகள் அமுதவல்லி. மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமான வாரமே அது அத்தைக்குத் தெரியுமாம். தயவுசெய்து பேப்பரை நிறுத்திவிடாதீர்கள். அத்தை சொல்லச் சொன்னது: "அதுல என்ன போட்டிருக்குதுன்னு நானே படிச்சுப் பாத்துட்டேன் சாமி. அவரு படிக்கறதுதான் நல்லாருக்குது. நாளையிலிருந்து அவரே படிக்கட்டும்."