கணினிக்குள் ஏற மறுத்த கால்

மூன்றாவது முறையாகவும் கால் திரும்பி வந்துவிட்டது.

திரையில் எழுந்த சிவப்பு வரியை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். 'உருவம் மூடப்படவில்லை. திடப்பொருளாக ஏற்க இயலாது.' முப்பது வயதுக்கு மேல் படிக்கக் கற்றுக்கொண்டது ஒரு பெட்டியிடம் திட்டு வாங்கத்தானா என்று நொந்துகொண்டான்.

பன்னிரண்டு வருஷம் சாணை இயந்திரத்தில் நின்று தோள்பட்டை கழன்ற பிறகு, காலை அளவெடுத்துச் செருப்பு செய்துதரும் அதே பட்டறையில் ஃபோர்மனாக இருந்த அவன் மனைவியின் அண்ணன்தான் முதலாளியிடம் மன்றாடி இந்த நாற்காலியை வாங்கித் தந்திருந்தார். வாடிக்கையாளரின் காலைப் பக்கத்து அறையில் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள்; அதைச் சீர்செய்து, செருப்பு அச்சு வரைகிற மென்பொருளுக்குள் ஏற்ற வேண்டும். கால் என்றால் முழுக்க முழுக்கக் குட்டிக் குட்டி முக்கோணங்களால் பின்னிய வலை. ஒரு கண் பிரிந்திருந்தாலும் மென்பொருள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஃபோர்மன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, மத்தியானத்துக்குள்ள ஏத்தலேன்னா நாளைக்கு நீ மறுபடி சாணைக்குத்தான். முதலாளி சொல்லிட்டார்."

"ஓட்டையா இருக்கு மச்சான்."

"ஓட்டைன்னா அடை. இதுக்கு என்னைக் கூப்பிடுவியா?"

'எல்லாத் துளைகளையும் மூடு' என்ற பொத்தானை அழுத்தினான். அது விசுவாசமாக விரல் இடுக்குகளையும் சேர்த்து மூடியது.

"காலுக்குச் சொந்தக்கார அம்மா என்ன, நீந்தவா போறாங்க? வாத்துக் காலாட்டம் இருக்கு."

அதை அழித்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டையாகக் கையால் அடைத்தான். இப்போது எட்டு லட்சம் முக்கோணம். பாரம் தாங்காமல் மென்பொருள் அப்படியே உறைந்து நின்றது.

"குறைச்சு விடு மாப்ள."

குறைத்தான். குறைக்கச் சொன்னால் எங்கே நிறுத்துவது என்று சாணைக்காரனுக்குத் தெரிந்ததில்லை. கால், ஜல்லிக் கல்லாகிவிட்டது.

"கொஞ்சம் வழவழன்னு ஆக்கு."

ஆக்கினான். தேய்க்கத் தேய்க்க விரல்கள் கரைந்து, ஒரு மாசம் குளித்து முடித்த சோப்புக் கட்டி மிஞ்சியது.

"மாப்ள, இதை எந்தக் கால்ல போடறது?"

தலையெழுத்தே என்று முதலிலிருந்து தொடங்கினான். பொறுமையாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் கிழிசலாக ஒரு மொட்டைத் திட்டு.

"மச்சான், ஸ்கேனர் ஒரு விரலை முழுங்கிடுச்சு."

"அதுக்கு ஓரத்துல கண்ணு சரியாத் தெரியாது. போன வாரம் ஒருத்தரோட குதிகாலையே விட்டுடுச்சு. நீயே ஒண்ணு வச்சு விடு."

"விரலுக்கு எங்க போறது?"

"உனக்கில்லையா?"

ஸ்கேன் எடுக்கிறவர் அன்று பாதி நாள் விடுப்பில் கிளம்பிவிட்டார். அவன் தானே போய்ச் செருப்பைக் கழற்றி, இரும்புக் கம்பி விழுந்து கோணிப்போன தன் சுண்டு விரலை ஸ்கேன் செய்தான். கோணலை நிமிர்த்தி, அளவைச் சுருக்கி, அந்தத் திட்டில் ஒட்டி, தையல் தெரியாமல் விளிம்பைப் பொருத்தினான். தன்னுடைய விரலை இதுவரை அவன் இவ்வளவு அக்கறையாகக் கவனித்ததே இல்லை.

ஏற்றினான். பச்சை விளக்கு.

"ஏத்திட்டியே மாப்ள. நாற்காலி உனக்குத்தான், எழுந்திரிக்காத."

கையோடு ஃபோர்மன், முன்னறையில் காலையிலிருந்து காத்திருந்த வாடிக்கையாளரை அழைத்து வந்தார். தையல்கார அம்மா. காலில் சாக்ஸும் ஷூவும். இரண்டு அளவு பெரிய ஷூ என்று நடையிலேயே தெரிந்தது.

"பாருங்கம்மா, உங்க காலு. ஸ்கேனர் விட்டதைக்கூட எங்க மாப்ள கண்டுபிடிச்சு வச்சிருக்கான்."

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர் இன்னொரு முறை எண்ணிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அஞ்சும் இருந்திருந்தா நான் கடையிலேயே வாங்கியிருக்க மாட்டேனா தம்பி?"