கேக்குக்குள் போன கடைசிப் போத்தல்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் குடிக்கிறவள் இல்லை. ஆனால் பிராந்திப் போத்தலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மற்றவர்களுக்கு அதைப் பார்த்ததும் கிளாஸ் ஞாபகம் வரும், எனக்கு உலர்ந்த திராட்சையும் கஜு முந்திரியும் ஞாபகம் வரும். லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், கலியாணக் கேக் என்றால் அன்ரனின் மனிசி ஜெசியிடம் சொல்லு என்று. (அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் அந்த நாளில் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு ஏதோ சொல்கிறார்கள். அதற்கு வருகிறேன்.)

எங்கள் கலியாணக் கேக் எது என்று தெரியாதவர்களுக்கு: மேலே பூப்போட்டு நிற்கிற வெள்ளைக் கேக் வெறும் படத்துக்கு. உண்மையான கேக் கறுப்பாக இருக்கும். பழங்களைப் பொடியாக வெட்டி வாரக்கணக்கில் பிராந்தியில் ஊறவைத்து, ரவையும் முட்டையும் வெண்ணெயும் போட்டு மெல்லிய சூட்டில் எடுக்க வேண்டும். பிறகு விரலளவு துண்டுகளாக்கி, மினுங்கும் தாளில் சுற்றி, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பொதி கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்குப் பிராந்தி கொண்டுவந்தால் அது கேக்குக்குத்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

என் தங்கை டிலானி பிரான்சுக்கு வேலைக்குப் போய், அங்கே லூக் என்கிற பிரெஞ்சுக்காரப் பொடியனைக் கண்டுபிடித்து, "அக்கா, கோவிக்காத" என்று தொலைபேசியில் தொடங்கியபோது நான் கோவிக்கத்தான் செய்தேன். பிறகு அவனைப் பார்த்தேன். நான் செய்த கணவாய்ப் பிரட்டலைக் கையால் சாப்பிட்டுவிட்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தரம் கேட்டான். அத்தோடு என் கோபம் போய்விட்டது.

ஐப்பசியில் அவனுடைய தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த நெடிய மனுசன், மூக்கு மட்டும் தாராளம். சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம், ஆங்கிலமும் தெரியாது. ரயிலில் வரும் வழி முழுக்க மடியை விட்டு இறக்காமல், மங்கிய நீலத் துவாயில் சுற்றிய ஒரு போத்தலை ஏந்தி வந்திருந்தார். அதை அம்மாவின் இரண்டு கைகளிலும் வைத்துவிட்டு, நீளமாக ஏதோ சொன்னார். டிலானி தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

எல்லாரும் கேட்டார்கள், என்னைத் தவிர. நான் குசினியில் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்குக் கீழே பேப்பரால் விசுக்கிக்கொண்டிருந்த எனக்கு, அந்த மனுசன் கண்ணைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. என் ரோல்ஸ் புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு அம்மா அந்தப் போத்தலை என்னிடம் தந்தார்.

"லூக்கிட தேப்பன் கொண்டந்த பிராந்தி. கலியாணத்துக்கெண்டு தந்தவர். அலுமாரிக்கு மேல வை பிள்ளை."

கலியாணத்துக்கு! வேறென்ன வேண்டும்? மறுநாள் காலையிலேயே இறக்கிவிட்டேன்.

துவாயைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் வரவில்லை. கடைப் போத்தல்களில் இருக்கிற தங்க எழுத்து, சிங்கம், கிரீடம் ஒன்றும் இல்லை. கரும்பச்சைப் போத்தலில் கையால் எழுதிய ஒரு பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதுவும் கழுத்து வரைக்கும் இல்லை, நாலு விரல் இறங்கியிருந்தது. "பாவி மனுசன், கொஞ்சம் குடிச்சுப்போட்டெல்லோ தந்திருக்கிறார்" என்று அன்ரனிடம் சொன்னேன். (பழைய பிராந்தி போத்தலுக்குள் இருந்தாலும் தக்கை வழியாகத் தன்பாட்டில் ஆவியாகிக் குறையுமாம். எனக்கு அது இப்போது தெரியும். எனக்கு இப்போது நிறையத் தெரியும்.)

"அப்பப்பா, என்ன வாசம் இது!" என்றார் அன்ரன், திறந்தவுடன்.

"ஓம், நல்ல சாமான்தான். மருந்தடிக்காத திராட்சையாம், டிலானி சொன்னவள். கேக்குக்கு நல்லது."

"ஒரு சொட்டு எனக்கு..."

"கையை எடுங்கோ!"

திறப்பதற்கு மெழுகைத் தேங்காய் உடைக்கிற கத்தியால் சுரண்டியிருந்தேன். தக்கை பொடிப்பொடியாக உள்ளே விழுந்திருந்தது. அதற்கென்ன, தேயிலை வடியால் வடித்தேன். பேசினில் வெட்டி வைத்திருந்த பழத்தின் மேல் முழுவதையும் கவிழ்த்து, போத்தலின் அடியில் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டையும் இறக்கினேன். வீடு முழுக்க மணந்தது. அன்ரன் வாசலில் நின்று, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. போத்தல் வடிவான போத்தல், எறிய மனம் வரவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மாதா கோயில் யாத்திரையில் கொண்டுவந்த தீர்த்தம் ஒரு பிளாஸ்ரிக் கானில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை இந்தப் போத்தலில் விட்டு, ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் மூடி இருந்தது, அதை இறுக்கி, அதே நீலத் துவாயால் சுற்றி, அதே அலுமாரியின் மேல் வைத்தேன். மந்திரித்த தண்ணீரைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாதல்லவா. அவ்வளவு பக்தி எனக்கு.

தையில் கலியாணம். பூசை நன்றாக முடிந்தது. பிறகு மண்டபத்தில் இருநூறு பேர், லூக்கின் பக்கத்தில் பதினொரு பேர். என் கேக் பொதிகள் நீலமும் வெள்ளியுமாக எல்லா மேசைகளிலும் மினுங்கின. அன்றைக்கு என்னை யாரும் பிடிக்க முடியாது. மேசை மேசையாகப் போய், "சாப்பிட்டுப் பாருங்கோ, பிரான்ஸ் பிராந்தி" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் லூக்கின் தகப்பன் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். அம்மா பட்டுச் சேலை சரசரக்க மேடைக்குப் போய், ஒரு நீலத் துவாய்ச் சுற்றை அவருடைய கையில் கொடுத்தார்.

'இதென்ன, அம்மா தீர்த்தத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறா?' என்று நினைத்தேன். சரி, தம்பதிகளை ஆசீர்வதிக்கப்போகிறார்கள் போல என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

அவர் பேசப் பேச டிலானி தமிழில் சொன்னாள்.

"இந்தப் போத்தில் லூக் பிறந்த வருசம் வடிச்சது. அதுக்கான திராட்சையை ஆய்ஞ்சது லூக்கிட அம்மா, மதலேன். மருந்தடிக்க விடவே மாட்டாவாம். பூச்சியைக் கையால பிடிச்சு எறிவாவாம். பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாம் பார்த்துச் சிரிப்பினமாம்."

கையிலிருந்த பொதியை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் மெல்ல இருந்துவிட்டேன்.

"லூக்குக்கு ஆறு வயசில அவ காலமாகிட்டா. அவ ஆய்ஞ்ச திராட்சையில வடிச்சதில இந்த ஒரு போத்தில்தான் மிச்சம். முப்பத்தொரு வருசமாய் ஒருத்தரும் தொடேல்ல. லூக்கிட கலியாணத்தில மட்டும்தான் திறக்கிறதெண்டு மாமா அவவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவர். இண்டைக்கு அவவும் எங்களோட இருக்கிறா."

மண்டபமே மூக்கை உறிஞ்சியது. ஐயோ, என்ர மாதாவே! தேங்காய்க் கத்தி, தேயிலை வடி, சவர்க்காரம் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து போயின. ஓடிப்போய்த் தடுக்க எழும்பினேன். சேலைத் தலைப்பு கதிரைக் காலுக்குள் மாட்டி, எழும்பிய வேகத்தில் திரும்ப இருத்திவிட்டது.

அவர் துவாயைப் பிரித்தார். மெழுகைத் தடவப் போன விரல் ரோஸ் மூடியில் போய் நின்றது. மூடியைத் திறந்து அந்தப் பெரிய மூக்கை வைத்து மணந்தார். ஆயுள் முழுக்க மணந்து பார்த்தே பிழைத்த மனுசன். அந்த முகம் இரத்தம் வற்றி வெளிறியதை நான் இருபதடி தூரத்திலிருந்து பார்த்தேன். பிறகும் நம்பாமல் கிளாஸில் ஊற்றினார். பச்சைத் தண்ணீர், பளிங்கு மாதிரி விழுந்தது.

எங்கள் பங்குச் சுவாமியார்தான், நல்ல மனுசன், நிலைமையைச் சமாளிக்க நினைத்து வாயைத் திறந்தார்.

"கானா ஊர்க் கலியாணத்தில இயேசு தண்ணியைத் திராட்சை ரசமாக்கினவர். இஞ்ச ரசமெல்லோ தண்ணியாப் போச்சு."

நாலு பேர் சிரிக்கத் தொடங்கி, லூக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். என் அம்மா சுவாமியாரையும் பார்க்கவில்லை, போத்தலையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் குற்றவாளியைத் தேடி அம்மா ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை.

"நான்தான்!" என்று கத்திவிட்டேன். "நான்தான் எடுத்தனான்! அது கேக்குக்குள்ள இருக்கு!"

டிலானிக்கு விளங்கவில்லை. "எந்தக் கேக்குக்குள்ள?"

"இந்தக் கேக்குத்தான்! மேசையில இருக்கே, பொதி பொதியாய்!"

"முழுப் போத்திலுமா அக்கா?"

"தட்டித் தட்டி ஊத்தினனான்..."

ஒலிவாங்கி திறந்தே இருந்ததால் அவள் அழுத அழுகை மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் எப்படியோ விக்கி விக்கி மாமாவுக்கு மொழிபெயர்த்தாள். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னார். டிலானி அதைத் தமிழில் சொல்ல மறுத்துவிட்டாள். இத்தனை வருடமாக நானும் கேட்கிறேன், இன்றைக்கும் மறுக்கிறாள்.

பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கினார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து அன்ரன் எனக்கு முன்னால் வந்து நின்றார். (பாவம், வாய்க்குள் கேக் இருந்தது.) மாமா எங்களைத் தாண்டி, மேசையிலிருந்த ஒரு பொதியைப் பிரித்து மூக்கடியில் பிடித்தார். கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு பெரிய வியாழன் வழிபாடு மாதிரி நீண்டது. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. என் புகை அலாரம் பக்கத்தில் இல்லை, இந்த முறை வேறு சாட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. அவர் மேசை மேசையாகப் போய்ப் பொதிகளைப் பொறுக்கத் தொடங்கினார்! கோட் பையில் போட்டார், கையில் அடுக்கினார். எங்கள் சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அம்மாதான் முதலில் புரிந்துகொண்டு, ரோல்ஸ் தட்டொன்றைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார்.

"வையுங்கோ, எல்லாரும் கேக்கை இதில வையுங்கோ! கைப்பையையும் திறவுங்கோ!"

கைப்பைகளில்தான் பிரச்சினை. எங்கள் கலியாணங்களில் வராத சொந்தக்காரருக்கும் சேர்த்து இரண்டு மூன்று எடுத்து வைப்பது வழக்கம். பிளேஸ்டோவிலிருந்து வந்த ஒரு அன்ரியின் பையிலிருந்து ஏழு வந்தன.

"மூத்தவனுக்கு இண்டைக்கு ஷிப்ட்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"ஏழு ஷிப்டோ?" என்றார் அம்மா.

எல்லாம் சேர்ந்ததும் மாமா தட்டை வாங்கிக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதை டிலானியிடம் சொன்னார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்: "டோஸ்ற் எண்டு ஒருத்தரை நினைச்சு உயர்த்தினால் எல்லாரும் ஒரே நேரத்தில எடுக்கோணுமாம். ஒருத்தரும் ஒளிக்கக்கூடாதாம். ஏற்கெனவே சாப்பிட்டாக்கள் சும்மா நிக்கட்டாம்."

அன்ரன் சும்மா நின்றார். நாலு சாப்பிட்டிருந்தார்.

மாமா தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம் வந்தார். தட்டில் இரண்டு பொதி இருந்தது. ஒன்றைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். மற்றதைப் பிரித்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை எனக்குத் தந்தார். நான் அங்கேயே விக்கி விக்கி அழுதேன். அவர் கையை உயர்த்தி, "மதலேன்!" என்றார். மண்டபத்தில் இருந்த எல்லாரும் கேக்கை உயர்த்தி, "மதலேன்!" என்றார்கள். பின்வரிசையில் யாரோ மரியாதைக்கு "மதலேனம்மா!" என்றார்கள். லூக் அதைக் கேட்டு, அன்றைக்கு முதல் தடவையாக, சிரித்தான்.

டிலானி என்னோடு கதைக்க மூன்று மாதம் ஆனது. இப்போது கதைக்கிறாள், ஆனால் இலவசமாக இல்லை, ஒவ்வொரு தரமும் ஒரு குத்தல் உண்டு. லண்டனில் எந்த வீட்டுக்கு நான் போனாலும் வாசலிலேயே கேட்கிறது: "ஜெசி அக்கா வாறா, போத்திலை எடுத்து வையுங்கோ!" சின்னப்பிள்ளைகள் எலுமிச்சைச் சாறு போத்தலைக்கூட ஒளிக்கிறார்கள்.

போன வருடம் டிலானிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மாமா அந்த வருடத்துத் திராட்சையில் அவளுக்கென்று ஒரு பீப்பாய் வடித்து வைத்திருக்கிறார். அவள் கலியாணத்துக்காம். அதன்மேல் டிலானியிடம் கேட்டுப் பழகி, கோணல்மாணலாகத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "கேக்குக்கு இல்லை." படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பினார்.

கோடையில் நாங்கள் அங்கே போனபோது நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் ஓரமாக ஒரு பலகைத் தட்டு, முப்பத்தொரு வருடம் அந்தப் போத்தல் நின்ற இடம். தூசியில் வட்டமாக அதன் அடையாளம் இன்னும் இருந்தது. அந்த வட்டத்துக்கு நடுவில், நீலமும் வெள்ளியுமாக, என் கேக் பொதி ஒன்று இருந்தது.

"மாமா, இதை இன்னும் சாப்பிடேல்லையா? பழுதாகப் போகுது" என்றேன், கையைக் காட்டி.

அவர் சட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். பிறகு, எங்களிடம் கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழில் சொன்னார்:

"இன்னும் ஊறட்டும்."